பீமன் சாய்ந்த கதவு

இருட்டிய பிறகு கொல்லைக் கதவில் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டால், நாய் இல்லாத வீட்டில் திருடனுக்குப் பயப்படுவார்கள். கிரேட் டேன் என்கிற ராட்சச நாயை வளர்க்கும் உத்தியோகத்தில் மாட்டிக்கொண்ட நம்மைப் போன்றவர்கள் திருடனுக்கும் பயந்து, நாய்க்கும் பயந்து, வந்திருப்பது எது என்று தெரியாததற்குத் தனியாக ஒரு பயம் பயப்படுவோம்.

நாலு ஸ்க்ரூ

என் கணவருக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். அந்த வாரங்களில் ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நானும் இரண்டு வயது தியாவும் மட்டும். பக்கத்துத் தெருவில் யாரோ கொல்லைப்புறமாக வந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. “கொல்லைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு போடுங்க” என்று ஒரு மாதம் சொன்னேன். அவர் நாய் கொண்டுவந்தார்.

காவலுக்கு என்று முதல் நாள் ராத்திரி பீமன் என்ற அந்த நாயைக் கொல்லையில் விட்டோம். அவர் வேலைக்குப் போன பிறகு அந்தச் சத்தம். தியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, டார்ச்சோடு சமையலறைக்குப் போனால், கதவு என் கண் முன்னாலேயே உள்பக்கம் வளைகிறது. டக், டக், டக், டக். நாலு ஸ்க்ரூவும் தெறித்து, தாழ்ப்பாள் தரையில் விழுந்து, கதவு திறந்து, பீமன் உள்ளே வந்தது. கிரேட் டேனுக்கு இது ஒரு பழக்கமாம்: எதைப் பிடித்திருக்கிறதோ அதன்மேல் பக்கவாட்டில் முழு எடையையும் போட்டுச் சாயும். எங்கள் கதவை அதற்குப் பிடித்துவிட்டது. அரிசி டிரம்மைக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்த கணவர் தாழ்ப்பாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: “பரவாயில்லையே, நல்ல பலம் இருக்கு.”

கான்வென்ட் இங்கிலீஷ்

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோதுமை நிறம், அடுப்புக் கரியைப் பூசின மாதிரி முகம். சாப்பாட்டு மேஜைமேல் தலையைத் தூக்காமலேயே தாடையை வைக்கும். சோபாவில் பின்பக்கத்தை மட்டும் வைத்து, முன்கால்களைத் தரையில் ஊன்றி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்காரும். வாயிலிருந்து எந்நேரமும் எச்சில் ஒழுகும். தியா அதை ‘மாடு’ என்றுதான் கூப்பிடுகிறாள், நான் திருத்தவில்லை.

நான் படித்தது கான்வென்ட். சிஸ்டர்கள் எங்களை அதட்டிய அதே குரலில் “சிட்” என்றேன், “டவுன்” என்றேன், கடைசியில் “ப்ளீஸ்” என்றும் சொல்லிப் பார்த்தேன். அது கொட்டாவி விட்டது. வாசலில் பூ அளந்துகொண்டிருந்த பூக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஏய், படு” என்றார். பொத்தென்று படுத்தது. தொட்டியத்தில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் கணவரின் சிநேகிதர் கொடுத்த நாய் என்று பூக்காரம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். “தோப்புல வளர்ந்த பிள்ளைம்மா அது. அதுக்குப் போய் பரீட்சை வைக்கிறியே.”

மாமாவின் ஸ்நானம்

மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாமா விடியற்காலையில் காவேரியில் ஸ்நானம் செய்து, ஈர வேஷ்டியோடு வருவார். பெருமாளுக்குத் திருவாராதனம் முடியும்வரை யாரும் அவரைத் தொடக்கூடாது. பீமனுக்கு இந்தத் தெருவிலேயே மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். ஒரு நாள் கேட்டைத் திறந்தவரைத் தூணோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டது. இழுக்க நான் ஓடினேன்; நானும் அவரைத் தொடக்கூடாது என்பது பாதியில் ஞாபகம் வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மறுபடி காவேரிக்குப் போனார். திரும்பி வந்தார். சங்கிலியை நான் சரியாக மாட்டவில்லை, பீமன் மறுபடி சாய்ந்தது. மூன்றாவது முறை போகத் திரும்பியபோது அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “குழந்தே, இந்தப் புண்ணியம் எனக்கா, உன் நாய்க்கான்னு பெருமாளைத்தான் கேக்கணும்.”

ஊசி

கே.கே. நகரில் இருக்கிற நாய் டாக்டரிடம் ஊசி போடப் போனோம். முதல் ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் “மாடு ஏத்தறதில்லைங்க” என்று போய்விட்டார். இரண்டாவது ஆட்டோவில் பீமன் சீட்டில் உட்கார, நானும் தியாவும் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போனோம்.

டாக்டர் நிதானமானவர். ஒரு காலத்தில் காட்டுப்பன்றியைத் துரத்திப் பிடிப்பதற்கென்று வளர்த்த இனம் இது, இப்போது மனுஷ வாசனை இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இருக்காது, குழந்தைகளோடு ரொம்ப சாது, வெயில் ஆகாது, சாப்பிட்டதும் ஓட விடக்கூடாது, வயிறு முறுக்கிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னார். ஊசியை எடுத்தார். பன்றி பிடிக்கும் இனம் என் முதுகுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டு அழுதது. கண்ணை மூடிக்கொண்டு நான் நடுங்கினேன். தியா மட்டும் டாக்டரின் பேனாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அது ஊசியைப் பார்த்துப் பயப்படலைம்மா, உங்களைப் பார்த்துத்தான் பயப்படுது” என்றார் டாக்டர்.

தோப்பு நிலவரம்

அன்றைக்கே தொட்டியத்துச் சிநேகிதருக்குப் போன் போட்டேன். பன்றி வந்தால் இது என்ன செய்யும், திருடன் வந்தாலும் அதையேதானே செய்யும் என்று கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: “பன்னி வந்தா என் மேல வந்து சாஞ்சுக்கும் தங்கச்சி. அதான் குடுத்துட்டேன்.”

வெளியே ஒரு தாழ்ப்பாள்

ஆக, தாழ்ப்பாள்தான் கதி. தச்சுவேலைக்கு செல்வம் என்பவரைக் கூப்பிட்டேன். முதல் நாள் ஜன்னலில் பீமனின் முகத்தைப் பார்த்துவிட்டு டீ குடித்து வருவதாகப் போனார், வரவில்லை. அடுத்த நாள், “நாய் உள்ளேயே இருக்கட்டும்க்கா, நான் கொல்லைப்பக்கமா வந்து வேலையை முடிச்சுடறேன்” என்றார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் தட்டல், துளைத்தல். முடிந்தது என்று போனில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போய்ப் பார்த்தேன். பளபளவென்று புதுத் தாழ்ப்பாள், கதவின் வெளிப்பக்கத்தில். இனி திருடன் விரும்பினால் எங்களை உள்ளே வைத்துப் பூட்டலாம். போன் செய்து கேட்டதற்குச் சிறிதும் சங்கடப்படாமல் சொன்னார்: “உள்பக்கம் நாய் இருந்துச்சேக்கா.”

உள்ளே

இன்று மறுபடி நைட் ஷிஃப்ட் வாரம் ஆரம்பம். சாயங்காலம் செல்வத்தை மறுபடி வரவழைத்து, விடாமல் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் வெளியில் மாட்டிய தாழ்ப்பாளைக் கழற்றி, சுத்தியல், ஆணி, திருப்புளியோடு சேர்த்து ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தார். வெளியே நின்றபடி அவர் சொல்லச் சொல்ல, பழைய ஓட்டைகளுக்கு ஒரு சாண் மேலே நானே பொருத்தினேன். ஒரு ஸ்க்ரூ கோணல், மற்றதெல்லாம் நேர்.

ஆனால் பீமன் வளைத்த கதவு நிலையோடு சேரவில்லை. ஒரு விரல் இடைவெளி. தாழ்ப்பாள் ஓட்டைக்கு எட்டவே இல்லை. முதுகைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளினேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கணவர் கிளம்பிப் போய் அரை மணி ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது பீமன் எழுந்து வந்து என்மேல் சாய்ந்தது. இத்தனை நாளும் அது சாயும்போதெல்லாம் கத்திக்கொண்டு விலகியவள் நான். இன்று விலகினால் கதவு போய்விடும். கையை மட்டும் எடுத்துத் தாழ்ப்பாள்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாயின் எடை என் வழியாகக் கதவில் இறங்கியது. கதவு ‘தொம்’மென்று நிலையில் உட்கார்ந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினேன், போய் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே செல்வத்தின் குரல்: “அக்கா, என் சுத்தியல் உள்ளே இருக்கே.”

காலையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பன்றியையும் விரட்டாத, திருடனையும் விரட்டாத இந்த நாய்க்குத் தெரிந்த ஒரே வேலை சாய்வதுதான் என்றாலும், அது சாய்ந்து கிடக்கும் கதவு இன்றைக்கு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது.