பல்லின் உள்பக்கம்

நர்சரிப் பிள்ளைகளுக்கு அவள் பல்லக்கா. சுகாதார அலுவலகத்தில் பல் பிரிவு உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நர்சரி நர்சரியாகப் போய், பால் பற்களுக்கு ஃப்ளோரைடு பூசிவிடுவாள். புளிப்பு பல்லைச் சட்டென்று கரைத்துவிடாமல் அந்தப் பூச்சு தடுத்து நிற்கும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கை பஞ்சு மாதிரி. பூசுவதே பிள்ளைகளுக்குத் தெரியாது. வாய்தான், அப்பப்பா! பெற்றவர்களைக் கண்டால் ஒரு பிடி பிடிக்காமல் விடமாட்டாள்.

போன வருடம் ஒரு தையல்காரியின் மகளைப் பார்த்தாள். நாலு வயது. மேல்வரிசை முன்பற்கள் தேய்ந்து, விளிம்பெல்லாம் காகிதமாக மெலிந்திருந்தன. மற்ற பெற்றோர் வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டில்ல ஜூஸை ஊத்திக் குடுத்துட்டு நீ பாட்டுக்குத் தைச்சிட்டிருந்தியா?"

"ஜூஸே குடுக்கறதில்லக்கா."

"பல்லு பொய் சொல்லுமா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரி பூச்சுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த தடவையும் கையெழுத்து வரவில்லை. "ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சலில்ல" என்று பல்லக்கா முணுமுணுத்ததோடு சரி.

இந்தத் தடவை நர்சரி ஆயா பேச்சுவாக்கில் சொன்னாள்: "அந்தப் பாப்பா மத்தியானம் தூங்கி எந்திரிச்சா எதுக்களிக்குதுக்கா. தலையணையெல்லாம் ஒரே புளிச்ச வாடை."

பல்லக்காவுக்குத் திக்கென்றது. பிள்ளையைக் கூப்பிட்டு, சின்னக் கண்ணாடியைப் பல்லுக்குப் பின்னால் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம்தான் அதிகம் கரைந்திருந்தது. ஜூஸ் இல்லை, வயிற்றிலிருந்து மேலேறி வந்த புளிப்பு. அன்றைக்கு அவள் கண்ணாடியைத் திருப்பவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தாயின் கையெழுத்து இல்லாமல் பூச முடியாது. இன்னும் பூசாமல் விட்டால் மிச்சப் பற்களும் போய்விடும். சாயங்காலம்வரை காத்திருந்து தையல்காரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா பழத்தைக்கூட அவ கண்ணுல காட்டலக்கா. கேட்டுக் கேட்டு அழுவா. எதுக்களிச்சா உடனே பிரஷ்ஷை வச்சு அழுத்தித் தேய்ச்சு விடுவேன். இன்னொரு தடவை யாரும் என்னைச் சொல்லிடக் கூடாதில்ல?"

புளிப்புப் பட்டு இளகிய பல்லை உடனே தேய்த்தால் இன்னும் சீக்கிரம் தேயும். இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாதே.

"உடனே தேய்க்காதம்மா. தண்ணியில கொப்பளிக்க விடு, ஒரு மணி நேரம் கழிச்சு மெதுவாத் தேய்ச்சுவிடு. வயித்துக்கு டாக்டர்கிட்ட காட்டணும், நான் சீட்டு எழுதித் தரேன். நீ அழுத்தித் தேய்ச்சதும் என்னாலதான்."

"தேஞ்சது திரும்பி வருமா?"

"வராதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். கையெழுத்து மட்டும் போடு."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள். பல்லக்கா இத்தனை வருடத்தில் எந்தத் தாயிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. போய் நின்றாள்.

"இந்தப் பாப்பா பல்லு தேஞ்சதுக்கு இவங்க காரணமில்ல. நான் சரியாப் பாக்காமப் பேசிட்டேன். தப்பு என்னோடது."

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மகளை மடியில் உட்காரவைத்து, பூசி முடிக்கும்வரை தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இவளுக்கு ஒரு வாழைப்பழம் குடுக்கலாமாக்கா?"

"குடும்மா, தாராளமாக் குடு" என்று சொல்லிக்கொண்டே பல்லக்கா டாக்டருக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.