கள்ளிச்செடிக்கு ஊற்றிய தண்ணீர்

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய பங்குனி உத்திரத்தன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே, மற்ற மலைகளோடு சேராமல் தனித்து நிற்கும் ஒரு மொட்டை மலையில். நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். அந்த மலைக்கும் எனக்கும் உள்ள உறவு மனைவி வழியாக வந்தது. அவளுடைய குடும்பத்துச் சாஸ்தா கோயில் அதன் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. யார் எந்த ஊரில் கிடந்தாலும் பங்குனி உத்திரத்தன்று அங்கே வந்து பொங்கலிட்டே ஆகவேண்டும்.

பொங்கல் வெந்து, பூசை முடிந்து, இலை போட எப்படியும் மூன்று மணி ஆகும். பத்தரை மணிக்கே என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எதிரே மலை நின்றுகொண்டிருந்தது. சொல்லிக்கொள்ள ஒரு மரம் இல்லை, அருவி இல்லை. பாறையும் முள்ளும் கள்ளியும்தான். எங்கள் பக்கத்து மலைகளுக்கு முன்னால் வைத்தால், முடியெல்லாம் கொட்டிப்போன பெரியப்பா மாதிரி இருந்தது.

"இதென்ன மலை? ரெண்டு மணிக்கூறுல ஏறி இறங்கி வந்திருவேன், கேட்டோ" என்றேன்.

மனைவியின் தம்பி உள்ளூர்க்காரன், காற்றாலையில் மெக்கானிக். "அத்தான், வெயிலு கொன்னுரும். சாயந்திரம் நானும் கூட வாரேன்" என்றான்.

"நான் பொன்முடி ஏறினவனாக்கும்!"

"பொன்முடிக்கு நீங்க பஸ்ஸுலல்லா போனிய" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே. பொங்கல் பானைகளைச் சுற்றி நின்ற பெண்கள் மொத்தமும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஏறாமல் இருக்க முடியுமா?

எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டில் கல்லாற்றுக்குப் போகும்போது எடுத்துப்போகும் அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே அட்டை கடித்தால் போட உப்புப் பொட்டலம், மழைக்கு ஒரு குடை, மேலே குளிருமே என்று ஒரு ஸ்வெட்டர். தண்ணீர் அரை லிட்டர். அதுவே அதிகம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து மலைகளில் தண்ணீரை யாரும் சுமப்பதில்லை. நாலு வளைவு போனால் ஏதாவது ஒரு ஓடை குறுக்கே வந்து காலைப் பிடிக்கும்.

இங்கேயும் ஓடை வந்தது. வெறும் கற்களாக வந்தது. சரி, அடுத்ததில் இருக்கும் என்று பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு மீதியில் முகம் கழுவினேன். அடுத்த ஓடையிலும் கற்கள்தான்.

பாதி மலை ஏறியபோது அதைப் பார்த்தேன். சரிந்து நின்ற ஒரு பெரிய பாறைக்கடியில், ஈரச் சாக்கு சுற்றிய பெரிய பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே முக்கால்வாசித் தண்ணீர். எனக்கு ஆத்திரம் வந்தது. சுற்றுலா வருகிறவர்கள் குடித்த மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், இவர்களால்தான் மலைகள் நாசமாகின்றன என்று, கேட்க ஆளில்லாத இடத்தில் வாய்விட்டே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பாட்டிலைத் திறந்து, தண்ணீரைப் பக்கத்திலிருந்த கள்ளிச்செடிக்கு ஊற்றினேன். ஊருக்கு நல்லது செய்கிற முகத்தோடு அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். காலிப் பாட்டிலை நசுக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, சாக்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு மேலே நடந்தேன். மனசு நிறைந்திருந்தது. பாட்டில்தான் நிறைந்திருக்கவில்லை.

உச்சியை அடைந்தபோது மணி பன்னிரண்டேகால். வழிநெடுக என் அழகையே படம் பிடித்ததில் போன் அங்கே உயிரை விட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஏறி வந்த தடத்தைத் தேடினால், ஒரு தடம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு தடங்கள். எல்லாம் ஆடுகள் போட்டவை. சூரியனைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கலாம் என்றால், அது சரியாக உச்சந்தலைக்கு மேல் நின்றது. என் நிழல் வெயிலுக்குப் பயந்து செருப்புக்கடியில் ஒளிந்திருந்தது. கீழே காற்றாலைகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நின்றன. காற்று இல்லாததால் ஒன்றுகூடச் சுற்றவில்லை.

அப்போதுதான் தூரத்தில் கடல் தெரிந்தது. தகடு மாதிரி மின்னியது. எனக்கு உயிர் வந்தது. கடல் என்றால் மேற்கு. சங்குமுகத்தில் காற்று வாங்கினாலும் விழிஞ்ஞத்தில் மீன் வாங்கினாலும் ஐம்பத்திரண்டு வருஷமாக எனக்குக் கடல் மேற்கேதான் இருக்கிறது. கோயிலும் மேற்கே. ஆகவே கடலைப் பார்த்து இறங்கினால் கோயில். கணக்கு சரியாக வந்த மாணவனைப் போல வேகமாக இறங்கினேன்.

முக்கால் மணி நேரம் இறங்கியும் கோயிலின் கூரை தெரியவில்லை. கொட்டுச் சத்தம் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் தலைக்குள் ஒரு பத்திரிகை அச்சாகத் தொடங்கிவிடும். 'மலையில் பாத்திர வியாபாரி மாயம்' என்று தலைப்புப் போட்டாகிவிட்டது. எந்தப் படத்தைப் போடுவார்கள்? ஆதார் அட்டைப் படத்தைத்தான் கொடுப்பாள் மனைவி. அதில் நான் ஏற்கெனவே காணாமல் போனவன் மாதிரிதான் இருப்பேன். வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் குடம் விற்றவன், ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல், அட்டைக்கு வைத்த உப்புப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் ஒரு அட்டையைக் கண்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அட்டை இருந்தால் ஈரம் இருக்குமே!

தலை சுற்றத் தொடங்கியது. குடையை விரித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தேன். நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அந்தச் சிவப்புக் குடையைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டி, பின்னால் பத்திருபது ஆடுகள்.

"என்ன அண்ணாச்சி, குடையும் கையுமா எங்க போறிய?"

"கோயிலுக்கு... சாஸ்தா கோயிலுக்கு" என்று கடலைக் காட்டினேன்.

"அது கெழக்குக் கடலுல்லா! இப்படியே போனா திருச்செந்தூருலதான் போய் நிப்பிய. முருகனுக்கு நேர்ச்சை ஏதும் உண்டா?"

சிரிக்க வாய் வரவில்லை. என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பேச்சை விட்டுவிட்டு இடுப்பில் தொங்கிய சின்ன பாட்டிலை எடுத்தார். அடியில் நாலு மடக்குத் தண்ணீர் இருந்தது.

"மெதுவாக் குடிங்க. விக்கிரும். எல்லாத்தையும் குடிச்சிருங்க."

குடித்தேன். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்த பிறகுதான், நாகரிகமாக, "உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன? அந்தப் பக்கம் சரிஞ்ச பாறைக்கடியில ஒரு பாட்டிலு நிறைய வச்சிருக்கேன். சாக்குச் சுத்தி வச்சா சில்லுன்னு இருக்கும். அங்க போய் நல்லாக் குடிப்போம், வாங்க."

உடம்பில் இருந்த கொஞ்ச ஈரமும் அந்த இடத்திலேயே வற்றிப்போனது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னால் அவர், நடுவில் ஆடுகள், கடைசியில் நான். மலையைச் சுற்றிப் போகும் ஒரு குறுக்குத்தடத்தில் நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் பைக்குள் அந்தக் காலிப் பாட்டில் கடகடவென்று கோள் சொன்னது. ஸ்வெட்டரை அதன்மேல் திணித்து வாயை அடைத்தேன். ஒருவேளை இவர் சொல்வது வேறு பாறையாக இருக்கலாம், வேறு சாக்காக இருக்கலாம் என்று சாஸ்தாவிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். அவரோ என் ஊர் எது என்று கேட்டுக்கொண்டு, நடந்துகொண்டே பேசினார்.

"உங்க ஊருல எப்பமும் மழையாமே. இங்க மேகம் வரும், எட்டிப் பாக்கும், போயிரும். அதனால ஆடு மேய்க்கப் போறவங்க ஆளுக்கொரு இடத்துல தண்ணி வச்சிருப்போம். தவிச்சு வந்தவங்க யாரு வேணா குடிக்கலாம். குடிச்சா மறுநாளு நிறைச்சு வச்சிரணும், அவ்வளவுதான்."

அதே பாறை. அதே சாக்கு. அவர் குனிந்து உள்ளே கையை விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டார். பிறகு முழங்கால் போட்டு எட்டிப் பார்த்தார். அவருடைய உதடுகள் வெடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காலையிலிருந்து அந்த வெயிலில் நிற்கிறார். தன் பங்கு மொத்தத்தையும் எனக்குக் கொடுத்ததே இந்தப் பாட்டிலை நம்பித்தான்.

பையைத் திறந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். "நான்தான்... குப்பைன்னு நினைச்சு... அதுக்கு ஊத்திட்டேன்" என்று கள்ளிச்செடியைக் காட்டினேன். அடியில் மண் காய்ந்து, ஒரு கறை மட்டும் இருந்தது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். கள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கள்ளி என்னைக்கு அண்ணாச்சி தண்ணி கேட்டுது?" என்றார் மெல்ல.

அவ்வளவுதான். பிறகு சாக்கை எடுத்து முறுக்கிப் பிழிந்தார். உள்ளங்கையில் ஏதோ நாலு துளி விழுந்தது. அதை உதட்டில் தடவிக்கொண்டார். மிச்ச ஈரத்தோடு இருந்த சாக்கை விரித்து என் தலையில் போட்டார். "உங்களுக்குத்தான் மயக்கமா வருது. எனக்குப் பழக்கந்தான். குனிஞ்சு பாத்து இறங்குங்க" என்றார்.

சாக்கு போர்த்திய தலையோடு கோயில் முற்றத்தில் நுழைந்தேன். மைத்துனன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு என்னைத் தேடக் கிளம்பிக்கொண்டிருந்தான். மனைவி என் கோலத்தைப் பார்த்தாள். கண் கலங்கியதைக் கோபமாக மாற்றுவதற்கு அவளுக்கு இரண்டு விநாடி போதும்.

"என்ன நடந்துது? எங்க போய்த் தொலஞ்சிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல, தடம் தெரியாம நின்னாக. கூட்டிட்டு வந்தேன்." அதோடு முடித்துவிட்டார். கொடுத்த செம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு அதையும் குடித்தார். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சாகவில்லை, மயங்கி விழவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு செம்பும் என்னால் அவர் குடிக்காமல் நடந்த தண்ணீர்.

சாப்பிட்டுப் புறப்படும்போது பாட்டிலை என் கையில் தந்தார். "நிறைச்சு வச்சிருங்க. நாளைக்கு நான் வேற பக்கம் போறேன். அந்தப் பக்கம் யாராச்சும் வருவாங்க" என்றார், மற்றவர்கள் காதில் விழாத குரலில்.

நாலரை மணிக்கு, "திரும்பவும் மலைக்கா? கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்று மனைவி கத்தக் கத்த, மைத்துனனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதே மலையில் ஏறினேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழுதன. நிறைத்த பாட்டிலுக்கு நனைத்த சாக்கைச் சுற்றிப் பாறைக்கடியில் வைத்தபோது, எதற்கு என்று மைத்துனன் கேட்டான். வழியில் பார்த்தேன், நிறைத்து வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கள்ளி விஷயம் அவனுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. இதை வாசிக்கும்போதுதான் தெரியப்போகிறது; ஒரு வாரத்துக்கு நான் கடையிலேயே படுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றி எடுத்த அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை எங்கள் தெருவில் முழங்காலளவு நிற்கும்போது, கடை வாசலில் தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளித் தள்ளிக் கை ஓய்கிறபோது, மலையின் அந்தப் பக்கத்தில், சரிந்த பாறைக்கடியில், பாட்டில் நிறைந்திருக்கிறதா என்று என் மனசு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.