படிவத்தில் எழுதிய பிறந்த தேதி

"மாணவி தரப்பில் அளிக்கப்பட்ட விவரத்தின்படி படிவம் நிரப்பப்பட்டது." மன்னார்குடிக்கு அருகில் ஓர் உதவி பெறும் பள்ளியின் கோப்பில், கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் எழுதப்பட்ட விளக்கக் கடிதத்தின் மூன்றாவது வரி இது. கையெழுத்து தலைமை ஆசிரியையுடையது. வாசகம் என்னுடையது. அது பொய்.

அந்தப் பள்ளியில் நான் அலுவலக உதவியாளர். நிறையப் படிப்பவன் என்று பெயர் இருந்ததால் வினாடி வினா மன்றத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நூலக அறையில் கூடுவோம். பதினொரு பேர் வருவார்கள். அவர்களில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மற்ற பத்துப் பேரும் ஒரே அணியாக உட்கார்ந்தாலும் தோற்கடித்துவிடுவாள். தந்தை இல்லை. தாய் நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர்.

தஞ்சாவூரில் நடக்கும் மண்டலப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறுபவருக்கு உறைவிடப் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் இலவசம் என்று சுற்றறிக்கை வந்தது. பத்தாவது முடிந்ததும் அவளை மில் வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த முடிவை மாற்ற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி இந்தப் போட்டிதான்.

ஜூலை முதல் தேதியில் பதினான்கு வயது நிறையாதவர்கள் இளையோர் பிரிவு, மற்றவர்கள் மூத்தோர் பிரிவு. மூத்தோரில் நகரத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். எங்கள் சேர்க்கைப் பதிவேட்டின்படி அவள் மே மாதம் பிறந்தவள், பதினான்கு நிறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிவேட்டில் மே மாதத்தில் பிறந்தவர்கள் மிக அதிகம். ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது காட்ட வேண்டும் என்பதற்காகத் தொடக்கப் பள்ளிகளில் போட்டுக்கொடுத்த தேதி அது.

உண்மையைத் தெரிந்துகொள்ள வயலுக்கே போனேன். தாய் சேற்றிலிருந்து ஏறி வரப்பில் வந்து நின்றார்.

"அது பொறந்தது புரட்டாசிங்க சார். ஆஸ்பத்திரி அட்டை இருக்கு. அஞ்சு வயசு ஆவலையே, அடுத்த வருசம் வாங்கன்னு சொன்னாங்க. நடவுக்குப் போறவ புள்ளைய எங்கங்க விடறது? அப்பறம் பெரிய சாரே மே மாசம்னு போட்டுக்கிட்டாரு."

நாற்று முடியைப் பிரித்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் நிமிராமலே கேட்டார்: "என்ன சார், இத்தனை வருசம் கழிச்சுத் தொட்டில் போடப் போறீங்களா?"

தடுப்பூசி அட்டையில் செப்டம்பர் என்று தெளிவாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்த நாளையும் மழை பிடித்த நாளையும் நோட்டில் குறித்து வைக்கிறவன் நான். சரியான தேதி கையில் கிடைத்த பிறகு தவறானதை எழுத மனம் வரவில்லை. இளையோர் பிரிவில் அவள் ஜெயித்துவிடுவாள் என்ற கணக்கும் இருந்தது. படிவத்தில் செப்டம்பரை எழுதினேன். பதிவேட்டைத் திருத்தாமல் அந்தத் தேதிக்கு எங்கும் மதிப்பில்லை என்பது, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாததல்ல.

போட்டி ஒரு சனிக்கிழமை. பதிவு மேசையில் இருந்தவர் படிவத்தைப் பார்த்ததும் கேட்டார்: "பத்தாவது படிக்கிற பொண்ணு ஜூனியர்லயா?" மடிக்கணினியில் பள்ளி விவரத்தைத் திறந்தார். "இங்க மே மாசம்னு இருக்கு. உனக்குப் பொறந்த நாள் எப்பம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். "செப்டம்பர் சார்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் அட்டையை நீட்டினேன்.

"ஊசி போட்ட அட்டையெல்லாம் செல்லாதுங்க சார். ஏம்மா, ஜெயிக்கணும்னா வயசக் கொறைச்சுக்கிறதா? இந்த வயசுலயே இந்த வேலையா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மே மாதத்தையே வைத்துக்கொண்டு மூத்தோர் பிரிவில் உட்கார விடுங்கள் என்று கேட்டேன். படிவம் அப்படி வரவில்லை என்றார். அதை எழுதியவன் நான்தான், அவளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுத்து மூலமாகக் கேட்பார்கள், வேலைக்குப் பிரச்சினை வரும் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பள்ளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சாப்பாட்டு டோக்கன் முன்னாடியே குடுத்துட்டாங்க சார். சாப்பிட்டுப் போவோம்" என்றாள்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். இளையோர் சுற்று ஒலிபெருக்கியில் கேட்டது. தோரியத்தின் அணு எண் என்ன என்ற கேள்விக்கு உள்ளே ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "தொண்ணூறு" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, "போலாம் சார்" என்றாள்.

தவறான விவரம் தந்ததற்கு விளக்கம் கேட்டுப் பள்ளிக்குக் கடிதம் வந்தது. "எதையாவது எழுதி முடிச்சு விடுங்க சார். இந்த மன்றமும் வேணாம், போட்டியும் வேணாம்" என்றார் தலைமை ஆசிரியை. எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் நூலக அறை பூட்டியே கிடந்தது.

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தாய் மட்டும் வந்தார்.

"மில்லுக்கு ஆள் எடுக்கறவரு பதினஞ்சு முடிஞ்சிருக்கணும்ங்கறாரு. ஸ்கூல் தேதிப்படி இந்த மாசம் முடியுதுங்களே?"

"முடியுதும்மா."

"நல்லவேளைங்க. புரட்டாசின்னா இன்னும் நாலு மாசம் காத்துக் கெடக்கணும்."

சான்றிதழில் மே மாதத்தை எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். விளக்கக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

மில் விடுதியிலிருந்தபடியே அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதியதாக, அதே ஊர்ப் பெண் ஒருவர் சென்ற தை மாதம் கடைத்தெருவில் சொன்னார். எந்த ஆண்டு என்று அவருக்குத் தெரியவில்லை. தேர்ச்சி பெற்றாளா என்றும் தெரியவில்லை. தாய் இப்போது அந்த ஊரில் இல்லை. தேர்வு முடிவைத் தேட வேண்டுமானால் பதிவெண் வேண்டும். அது என்னிடம் இல்லை. அவள் தேர்வு எழுதினாள் என்பதை நான் இதுவரை உறுதி செய்யவில்லை.