த்வாண்டே வீட்டின் பார்வை நேரம்

பழைய வீட்டைக் காப்பாற்றும் தொழிலில் முதலில் போவது இடுப்பு, அடுத்தது பொறுமை. நார்வேயில் கிராமத்து மரவீடுகளைப் பெயர்த்து வந்து ஒரே திடலில் நிறுத்தியிருப்பதை எங்கள் முதலாளி பார்த்துவிட்டு வந்தார். பர்மிய மொழியில் ஐயா என்ற பொருளில் எல்லோரும் அவரைச் 'சயா' என்போம். அதைப் பார்த்த ஆசையில் பர்மாவின் யாங்கோன் நகர ஓரத்தில் எங்களுக்கும் ஒரு திடல், நாலைந்து வீடுகள். பத்திரிகை வேலை போனபின் நான் அங்கே வழிகாட்டி. ஒரே கதையை நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

அடுப்படி

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டேயிலிருந்து வந்த தேக்குவீடுதான் எங்கள் பெருமை. ஊ தீன் என்ற விவசாயி கல்வீடு கட்டியதும் இதைச் சும்மாவே கொடுத்தார். யாங்கோனுக்குள்ளேயே மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அதன் விறகடுப்பை நெடுநேரம் விளக்கினேன். அந்த அம்மாள் கணவரிடம் திரும்பினார்:

"கரண்டு போனா நம்ம வீட்லயும் இதாங்க. இதைப் பார்க்க டிக்கெட்டு வேறயா?"

தேங்காய்

பர்மிய வீடுகளில் காவல் தெய்வத்துக்குச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்கும். காட்சிக்காக அந்த வீட்டிலும் ஒன்று தொங்கவிட்டோம். வந்தவர்கள் கும்பிட்டு வாழைப்பழம் வைக்க, தூணெல்லாம் எறும்பு. கழற்றச் சொன்னார் சயா. ஒருவரும் கை வைக்கவில்லை. டிக்கெட் கொடுக்கும் மா சூ, அண்ணனுக்குரிய 'கோ' போட்டு என்னை அழைத்தாள்:

"நீங்க கழட்டுங்க, கோ ராஜூ. தமிழங்க மேல எங்க தெய்வம் அவ்வளவா கோவிச்சுக்காது."

வீட்டுக்காரர்

போன மழைக்காலத்தில் கால்வாய்க் கரை சரிந்து ஊ தீனின் கல்வீடு தண்ணீரோடு போனது. மனைவி டோ மியாவும் மூட்டைகளுமாக வந்து, மழை ஓயும்வரை பழைய வீட்டில் தங்கக் கேட்டார். காட்சிப்பொருளில் யாரும் படுக்கக்கூடாது என்றார் சயா. வேண்டுமானால் பகலில் இருவரும் விவசாயிகளாக உட்கார்ந்திருக்கலாம், சம்பளம் உண்டு. மாலையானால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டுவது என் வேலை. இரவில் பக்கத்து மடாலயத்தில் படுத்தார்கள். ஒரு பார்வையாளர் என் காதோரம் கேட்டார்:

"நிஜ விவசாயி மாதிரியே இருக்காரே, எங்க பிடிச்சீங்க?"

வடக்கு மூலை

ஒரு மாலை வானம் கறுத்து நின்றது. நான் பூட்டோடு போனேன், சயாவும் இருந்தார். டோ மியா படியிறங்காமல் கூரையைக் காட்டினார்: "வடக்கு மூலை ஒழுகும், சயா. ராத்திரி எழுந்து யார் பாத்திரம் வைப்பா?"

தேக்குத் தரை நனையும் என்றதும் சயாவின் முகம் மாறியது. அப்போதே இருவரும் இரவுக் காவலர் ஆனார்கள். பாயை விரித்தபடி ஊ தீன் என்னிடம் கேட்டார்:

"இனிமே கதவை உள்ளேயிருந்து சாத்திக்கலாமா, தம்பி?"

வீட்டைக் காப்பாற்றத் தெரிந்த எங்களுக்கு, வீட்டுக்காரரை உள்ளே விட ஓர் ஒழுகல் தேவைப்பட்டது.