நான்தான் மரம்

யார் வீட்டு முற்றத்திலோ இரு கைகளையும் விரித்துக்கொண்டு என் தம்பி நிற்கிறான். வீட்டுக்கார அம்மாளைச் சன்னலுக்குப் பின்னால் போகச் சொல்லியிருக்கிறான். “நான்தான் மரம். தெரியுறேனாம்மா?” என்கிறான். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வலப்பக்கம் கொஞ்சம் தள்ளச் சொல்கிறார். மரம் நகர்ந்து, குதிகாலால் மண்ணைக் கீறி அடையாளம் வைக்கிறது.

சரக்குப் பெட்டிப் பலகைகளோடு வந்து சேர்ந்த வெளிநாட்டு வண்டு இங்குள்ள மரங்களைத் துளைக்கத் தொடங்கியபின் அவனுக்கு ஓய்வில்லை. நாற்றுப் பண்ணையில் வேலை. மரத்தை இழந்த வீடுகளுக்குப் போய், அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்று சொல்வது அவன் பொறுப்பு. மதியம் எந்த அறை சுடும், துணி எங்கே காயும், சாக்கடைக் குழாய் எப்படிப் போகிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மரத்தின் பேச்சையே எடுப்பான். போனதே மறுபடி வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், “அதே வண்டுக்கு இன்னொரு பந்தி போடணுமா?” என்பான். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் வைத்த கன்று வாடி நான் பார்த்ததில்லை.

வெட்டும் விஷயத்தில் மட்டும் கல்நெஞ்சன். துளை கண்ட மரத்தை வண்டு வெளியே பறப்பதற்குள் வெட்டி அரைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தெருவே மொட்டையாகிவிடும். “இந்த மாசம் போகட்டுமே” என்பவர்களிடம், “வண்டு தவணை குடுக்காதுங்க” என்று முடித்துவிடுவான்.

அவன் மனைவி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடப்பவள். அவளுக்கு ஒரு சன்னல். சன்னல் நிறைய ஒரு மரம். எந்தக் குருவி எந்தக் கிளையில் சண்டைக்கு நிற்கும் என்பதுவரை எனக்குச் சொல்வாள்.

போன மாதம் நான் போயிருந்தபோது குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, உங்க தம்பி தினம் காலையில மரத்தடியைப் பெருக்குறார். கல்யாணமான நாள்லேருந்து துடைப்பத்தைத் தொட்டவரில்ல. எனக்குச் சத்தம் கேக்குது.”

போய்ப் பார்த்தேன். முற்றமெங்கும் சருகு, வேரடி மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அடிமரத்தில் சில துளைகள். ஒன்றின் வாயில் புதிதாக மரத்தூள். பின்னால் வந்து நின்ற தம்பி, “அவகிட்ட சொல்லிடாதக்கா” என்றான்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே, தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவனிடம் அவள் கேட்டாள்: “ஊருக்கெல்லாம் தவணை கிடையாது. நம்ம மரத்துக்கு மட்டும் என்ன சலுகை?” அவன் தலையணையையே தட்டித் தட்டிக் கொண்டிருந்தான்.

மரத்தை வெட்டிய அன்று சன்னல் திரையை இழுத்துவிடப் போனான். அவள் விடவில்லை. இயந்திரச் சத்தம் ஓய்ந்தபோது, அதுவரை அந்த அறைக்குள் வராத மாலை வெயில் கட்டில்மேல் விழுந்தது. அவளுக்குக் கண் கூசியது. அங்கே என்ன வைக்கலாம் என்று கேட்டேன். எல்லா முற்றத்துக்கும் பதில் வைத்திருப்பவன், “தெரியலக்கா” என்றான்.

பிறகு வெளியே போய், சன்னலுக்கு எதிரே, அரைத்த தூளின்மேல் நின்று கைகளை விரித்தான். எப்போதும் கேட்பதைக் கேட்கவில்லை. அவள் முழங்கையை ஊன்றி எழும்பி, ஒரு விரலால் இடப்பக்கம் காட்டினாள். நகர்ந்தான். இன்னும் கொஞ்சம் என்றது விரல். நகர்ந்தான். அவன் நிழல் வந்து அவள் கண்களில் விழுந்தது. போதும் என்று விரலை மடக்கினாள்.

அவன் மண்ணைக் கீறவில்லை. கைகளை இறக்கவுமில்லை.