செல்லாத தண்ணீர்

பழைய மாதா கோயிலின் மதிலை இடிக்கிறார்கள். தூசி அடங்கத் தண்ணீர் அடித்ததும், உடைந்த பவளக்கல்லிலிருந்து கடல் வாசம் குப்பென்று வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் திரேஸ்புரத்து வீட்டில் தம்பி பிறந்தான். மூச்சு அடங்குவதைப் பார்த்து, அத்தை செம்பை எடுத்து அவன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். பங்குச் சாமியார் வர நேரமில்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொஞ்ச நேரத்தில் செத்துப்போனான்.

அப்பா அவனைத் துணியில் சுற்றிக் கோயில் கல்லறைக்குத் தூக்கிப்போனார். அத்தையும் நானும் பின்னால் போனோம். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் எங்களை மதில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏளா, என்ன சொல்லி ஊத்துன?"

"மாதாவே, புள்ளைய காப்பாத்துன்னு..."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரச் சொன்னியா?"

"மாதா பேரத்தான் சொன்னேன்."

"அப்போ ஞானஸ்நானம் செல்லாது. மதிலுக்கு வெளிய பொதைங்க."

அப்பா மதிலை ஓங்கி அறைந்தார். "இந்தக் கல்லெல்லாம் எங்க பாட்டனுவ கடல்ல முங்கி எடுத்ததுல்லா!"

"கல்லு உள்ள இருக்கட்டும்லே. புள்ள வெளியதான்."

தம்பியை மதிலை ஒட்டி வெளியே புதைத்தோம். அதன்பிறகு அம்மா அத்தையோடு பேசவேயில்லை. அத்தையும் சாகும்வரை வாய்விட்டு ஜெபம் சொல்லவில்லை. மாதா கோயிலில் மாதா பெயர் ஏன் செல்லாமல் போனது என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

"எதுக்கு இடிக்கீங்க?" என்று கோயில் கமிட்டிக்காரரிடம் கேட்டேன்.

"மதில வெளிய தள்ளிக் கட்டுதோம், அண்ணாச்சி. கார் நிறுத்த எடம் பத்த மாட்டேங்கு."

தம்பி இனி உள்ளேதான் இருப்பான். மேலே கார் நிற்கும்.