பீடத்துச் சுவரில் ஒரு விரிசல்

அவருடைய போட்டோ ஸ்டுடியோவுக்கு வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் வழி கேட்டால் "அசையாதீங்க கடையா? அந்த முனையில திரும்புங்க" என்றுதான் சொல்வார்கள். இருபத்தெட்டு வருஷமாக முக்காலியில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். கல்யாணங்கள் என்று ஓடிய காலம் போய், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் பாஸ்போர்ட் போட்டோதான் மிஞ்சியது. அவர் எடுப்பார்; மனைவி கவுண்டரில் உட்கார்ந்து எட்டு எட்டாக நறுக்குவாள்.

"எனக்கு ஏத்த வேலையை இந்த ஊர் எனக்குக் கொடுக்கவே இல்ல" என்று அவர் அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

"வந்தவரு காத்திருக்காரு. முதல்ல அவரை எடுங்க" என்பாள் அவள்.

ஒருநாள் அவளுடைய அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவள் பிறந்த கிராமத்தில் ஒரு பழைய தேவாலயம். அதன் கமிட்டிக்கு அண்ணன்தான் செயலாளர்.

"மாப்பிள்ளை, நம்ம சர்ச்சை உள்ளயும் வெளியயும் ஒரு மூலை விடாம எடுத்துக் கொடுங்க. பழுது பார்க்கணும்னு மேலிடத்துல காட்டணும்" என்றார்.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே லென்ஸையெல்லாம் துடைத்து வைத்தார். அவளுக்கும் சந்தோஷம்தான். அவள் ஞானஸ்நானம் பெற்றது அங்கே, இவருக்குக் கழுத்தை நீட்டியது அங்கே, அம்மாவைப் புதைத்தது அதன் பின்சுவரை ஒட்டி.

நாலு நாள் எடுத்தார். கிழக்குப் பக்கத்தைக் காலையிலும், முன்வாசலைச் சாயங்காலத்திலும் எடுத்தார். கீழே நின்று கேமராவைத் தூக்கினால் மணிக்கூண்டு பின்னால் சாய்கிற மாதிரி விழும் என்று, எதிர்வீட்டு மாடியில் அனுமதி கேட்டு ஏறினார். உள்ளே ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், பெஞ்சுகள் இருட்டில் கிடக்கும். அதனால் ஒரே இடத்தை ஐந்து விதமாக எடுத்தார். அவள் பெஞ்சுகளைத் துடைத்தாள், சிலந்திவலை அடித்தாள், வெளிச்சம் திருப்ப வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் அவ்வளவு சிரித்துப் பேசியது அந்த நாலு நாள்தான்.

கடைசி நாள், பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு விரிசல் அவர் கண்ணில் பட்டது. நேராகப் பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். அவர் ஃபிளாஷைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வைத்து அடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் கோட்டுக்கு நிழல் கட்டிக்கொண்டது. கேமராத் திரையில், மேலிருந்து கீழ்வரை சுவர் இரண்டாகப் பிளந்து நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். "நிஜத்துல இவ்வளவு பெருசா இல்லையே?"

"உள்ளதை உள்ளபடி எடுக்கறதுக்கு நான் எதுக்கு? இந்த நாலு நாள்ல இதுதான் படம்" என்றார் அவர்.

அவள் போர்வையை மடித்தாள்.

முந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஆல்பம் போட்டு மச்சான் கையில் கொடுத்தார். மச்சான் பக்கங்களை விசிறி மாதிரித் தள்ளிக்கொண்டே வந்து விரிசலில் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது போதும் மாப்பிள்ளை."

இரண்டு மாதம் கழித்து இருவரும் அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனபோது, அந்தப் படம் ஆள் உயரத்துக்குப் பெரிதாகி வாசலில் தொங்கியது. 'எந்த நேரமும் இடிந்து விழலாம்' என்று கீழே சிவப்பு எழுத்து. ஆராதனை முடிந்ததும் அங்கேயே கூட்டம். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று கமிட்டி ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. புதுக் கட்டடத்தின் வாசல் கல்லில் யார் யார் பெயர் வரவேண்டும் என்பது வரைக்கும் பேசியாகிவிட்டது என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மனைவி அவர் முழங்கையை இடித்தாள். "எழுந்து சொல்லுங்க. வெளிச்சம் வைச்சதுலதான் அப்படித் தெரியுதுன்னு சொல்லுங்க."

எழுந்தார். "அந்த விரிசல்... நேர்ல பார்த்தா அவ்வளவு இருக்காது" என்று இழுத்தார்.

மச்சான் கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே கேட்டார். "அப்போ நீங்க எடுத்த படம் பொய்யா மாப்பிள்ளை? இங்க பாதிப் பேர் வீட்டுச் சுவர்ல நீங்க எடுத்த கல்யாணப் படம்தான் தொங்குது. அதெல்லாம் எப்படி?"

நாலு பேர் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. ஆமாம், வெளிச்சத்தால் செய்த வித்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பீடத்துக்குப் பின்னால் போய் விரலை வைத்துப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் எடுத்த படம் பொய் சொல்லாது."

"அவ்வளவுதான்" என்றார் மச்சான். கைகள் உயர்ந்தன. மனைவி மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

இடித்த அன்று இருவருமே போகவில்லை. வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. அவளுக்கு ஆறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு கொத்தனார் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, அந்தக் கிராமத்தில்தான் வேலை செய்வதாகச் சொன்னார். எதிரில் நிற்பவர் யார் என்று கொத்தனாருக்குத் தெரியாது.

"பழைய சர்ச்சை இடிச்சதும் நாங்கதான். ரெண்டு நாள் வேலைன்னு கூட்டிட்டுப் போனாங்க, மூணு வாரம் உயிரை வாங்கிடுச்சு. மெஷினோட பல்லு ரெண்டு உடைஞ்சது."

"பீடத்துச் சுவர்ல விரிசல் இருந்துச்சே?" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டார் இவர்.

"அது பூச்சு வெடிப்புங்க. உள்ள கல்லு கல்லாவே இருந்துச்சு. ஒரு கை சுண்ணாம்பு பூசியிருந்தா இன்னும் நூறு வருஷம் நின்னிருக்கும். எந்தப் புண்ணியவானோ படம் எடுத்துக் காட்டிக் கவுத்துட்டானாம்."

கவுண்டரில் கத்தரிக்கும் சத்தம் நின்றது. இவர் படத்தை எடுத்தார். கொத்தனார் கண்ணை மூடியிருந்தார். இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

கொத்தனார் போனபிறகு இவர் மெதுவாகச் சொன்னார். "உங்க அண்ணன் என்னையே ஏமாத்திட்டாரு."

அவள் மேஜையில் சிதறிக் கிடந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினாள்.

"அண்ணன் எப்படிப்பட்டவன்னு எனக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும். அவன் மேல எனக்கு வருத்தமே இல்ல. உங்களைத்தான் நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்."

அடுத்த மாதம் அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வேளைக்குச் சமைத்தாள், உடம்புக்கு முடியாதபோது மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஸ்டுடியோப் படி மட்டும் ஏறவில்லை. மீதி முந்நூறு படத்தையும் நல்ல தாளில் போட்டு ஒருநாள் வீட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தார் அவர். அவள் அம்மாவின் கல்லறை ஓரமாகத் தெரிகிற படத்தைத்தான் மேலே வைத்திருந்தார்.

"எடுத்து வையுங்க. மேஜையைத் துடைக்கணும்" என்றாள்.